நாள்தோறும் ஒரு முத்து

தூத்துக்குடிக் கடற்கரை முத்துக்குப் பெயர்பெற்றது. பாண்டியரின் கொற்கைத் துறையில் குவிந்த முத்துகள் பண்டை நாளிலேயே மேலைநாடுகள் வரை சென்றன. தாமிரபரணி கொணர்ந்த வண்டலால் கடல் விலகிப்போகக் கொற்கை இன்று உள்நாட்டுச் சிற்றூராய் நிற்கின்றது. அதன் தொழிலோ தூத்துக்குடியை வந்தடைந்தது. 1961-ஆம் ஆண்டில் நடைபெற்ற முத்துக்குளிப்பே இக்கரை கண்ட கடைசிப் பெருங்குளிப்பாகும்.

முத்துக் குளிப்பவர் கல்லின் கனத்தைத் துணைக்கொண்டு, ஒரே மூச்சில் கடலின் அடிக்குச் செல்வார். அங்கே அவர் தங்குவது ஏறத்தாழ ஒரு நிமிடமே. அதற்குள் கைக்கு எட்டிய சிப்பிகளைப் பையில் அள்ளிக்கொண்டு, தோணியில் உள்ளவர் கயிற்றை இழுக்க மேலே வருவார். அள்ளிய சிப்பியில் எல்லாம் முத்து இருப்பதில்லை. எத்தனையோ சிப்பிகளைத் திறந்த பின்னரே நல்முத்து ஒன்று கிட்டும். கரையில் நின்று விலை பேசுவோர் முத்தைக் காண்பர். மூச்சடக்கியவர் பட்ட பாட்டைக் காணார்.

நற்சொல்லும் இத்தகையதே. கேட்போர் செவியில் அது சில நிமிடங்களே தங்கும். அதனைத் தேடிக் கொணர்ந்தவர் எத்தனை நூல்களில் மூழ்கினார், எத்தனைச் செய்திகளை அள்ளினார், எத்தனையைத் தள்ளினார் என்பது கேட்போர்க்குத் தெரியாது. அவ்வாறு நாள்தோறும் ஒரு முத்தாகப் பதினான்கு ஆண்டுகள் தமிழ் மக்களுக்கு வழங்கிய ஒருவரைப் பற்றி இப்பாடத்தில் அறிவோம். அவர்தாம் தென்கச்சி கோ. சுவாமிநாதன்.

வானொலியும் கடற்கரையும்

தமிழகத்தில் வானொலியின் வரலாறு 1924-ஆம் ஆண்டில் தொடங்குகின்றது. அவ்வாண்டில் சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரும் ஆர்வலர் சிலரும் கூடி ஒரு சங்கம் அமைத்து ஒலிபரப்பைத் தொடங்கினர். பொருள் முட்டுப்பாட்டால் அச்சங்கத்தின் ஒலிபரப்பு சில ஆண்டுகளில் நின்றது. 1930-இல் சென்னை நகராட்சியினர் அப்பணியை ஏற்று நடத்தினர். 1938-இல் அனைத்திந்திய வானொலியின் சென்னை நிலையமும், 1939-இல் திருச்சிராப்பள்ளி நிலையமும் தோன்றின. தென்கோடி மக்களுக்கெனத் திருநெல்வேலியில் ஒரு நிலையம் 1963-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் முதல் நாளன்று தொடங்கப்பெற்றது.

அந்நாளில் எல்லா வீட்டிலும் வானொலிப் பெட்டி இல்லை. ஊராட்சி மன்றக் கட்டடத்தில் ஒரு பெட்டி இருக்கும். அதன் ஒலிபெருக்கியை உயரமான கம்பத்திலோ மரத்திலோ கட்டியிருப்பர். மாலை வேளையில் ஊரார் அதன்கீழ்க் கூடுவர். ஆடவர் கிழிந்த வலையைப் பின்னியவாறே கேட்பர். மகளிர் பனையோலைப் பெட்டி முடைந்தவாறே கேட்பர். சிறுவர் மணலில் ஆடியவாறே கேட்பர்.

நெய்தல் நில மக்களுக்கு வானொலி வெறும் பொழுதுபோக்கு அன்று. காற்று எத்திசையில் வீசும், கடல் கொந்தளிக்குமா என்று அறியாமல் படகை இறக்குதல் உயிரோடு விளையாடுதல் ஆகும். புயல் எழுமாயின் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவர். துறைமுகத்தின் அருகில் உள்ளோர் அதனைக் கண்ணாற் காண்பர். தொலைவிலுள்ள சிற்றூரார்க்கோ வானொலியின் குரலே கூண்டாகும். 1964-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் வீசிய பெரும்புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பயணிகளோடு வந்த புகைவண்டியும் கடலுக்கு இரையாயிற்று. அத்துயரம் மன்னார் வளைகுடாக் கரையெங்கும் பேசப்பட்டது. ஆதலின் வானிலை அறிவிப்பு வரும்போது, ஆடிக்கொண்டிருந்த சிறுவரைப் பெரியோர் கையமர்த்துவர். இளமையில் அங்ஙனம் கையமர்த்தப்பட்டவருள் நானும் ஒருவன். முகம் தெரியாத ஒருவர் சொல்லை நம்பி ஓர் ஊர் படகை இறக்குவதும், இறக்காமல் நிறுத்துவதும் உண்டு என்பதை அன்றே நேரிற் கண்டேன். பேசுவோர்க்கு எத்துணைப் பொறுப்பு உண்டு என்று எனக்கு முதன்முதற் கற்பித்தது அந்தக் கம்பத்து ஒலிபெருக்கியே.

இளமையும் உழவும்

சுவாமிநாதன் 1946-ஆம் ஆண்டில் பிறந்தார். அவர் பிறந்த ஊர், இன்றைய அரியலூர் மாவட்டத்திலுள்ள தென்கச்சிப்பெருமாள் நத்தம். அன்று அப்பகுதி திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. தம் ஊர்ப்பெயரின் முற்பகுதியைத் தம் பெயரோடு இணைத்துக்கொண்டார். பின்னாளில் மக்கள் அவரைத் 'தென்கச்சி' என்றே அன்போடு குறிப்பிடலாயினர். பிறந்த மண்ணுக்கு இதனினும் பெரிய கைம்மாறு வேறு யாது உண்டு?

அவர் கோயம்புத்தூரில் வேளாண்மைக் கல்வி பயின்று பட்டம் பெற்றார். வேளாண்மைத் துறையில் சிறிது காலம் பணியாற்றினார். பின்னர்ப் பிறந்த ஊருக்கே திரும்பி உழவில் ஈடுபட்டார். ஊராட்சி மன்றத் தலைவராகவும் தொண்டாற்றினார். பட்டம் பெற்றவர் பட்டணத்தை நாடுவதே வழக்கமாயிருந்த காலத்தில், அவர் சேற்றில் கால்வைக்க நாணவில்லை.

ஊராட்சித் தலைவரின் திண்ணை ஒரு பள்ளிக்கூடத்திற்கு ஒப்பானது. வரப்புச் சண்டையோடு ஒருவர் வருவார். வாய்க்காலில் நீர் வரவில்லை என்று மற்றொருவர் வருவார். ஒன்றும் கேட்காமல் தம் துயரைச் சொல்லி ஆறுதல் பெறுவதற்கென்றே வேறொருவர் வருவார். அங்கே முதலில் வேண்டுவது பேசும் ஆற்றல் அன்று. கேட்கும் பொறுமையே ஆகும். பிற்காலத்தில் பல்லாயிரவரைக் கேட்கச் செய்தவர், அதற்கு முன்னர்த் தம் ஊரார் பேச்சைக் கேட்டவர் என்பதை நாம் மறத்தல் ஆகாது.

நெல்லை வானொலியில்

1977-ஆம் ஆண்டில் சுவாமிநாதன் திருநெல்வேலி வானொலி நிலையத்தில் பணியேற்றார். 1984-ஆம் ஆண்டு வரை அவர் அங்கே இருந்தார். தூத்துக்குடி அக்காலத்தில் தனி மாவட்டமாக இல்லை. திருநெல்வேலி மாவட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. 1986-ஆம் ஆண்டில்தான் அது தனி மாவட்டமாயிற்று. எனவே அவர் தம் வானொலி வாழ்வைத் தொடங்கியபோது, பொருநைக் கரையின் உழவரும், தேரிக்காட்டின் பனையேறிகளும், முத்துக்கடலின் பரதவரும் ஒருங்கே அந்நிலையத்தின் நேயராய் இருந்தனர்.

வானொலிக்கும் உழவுக்கும் உள்ள உறவு அந்நாளில் நெருக்கமானது. 1966-ஆம் ஆண்டு முதல் அனைத்திந்திய வானொலி உழவர்க்கெனப் பண்ணை இல்ல ஒலிபரப்புப் பிரிவுகளை அமைத்து வந்தது. தஞ்சை மாவட்டத்தில் ஆடுதுறை 27 என்னும் புதிய நெல்லினம் வானொலி வாயிலாகவே மக்களிடம் பரவியது. அதன் எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளாத உழவர் அதற்கு 'ரேடியோ நெல்' என்று பெயரிட்டனர். ஒரு குரலின்மேல் வைத்த நம்பிக்கையால் தம் வயலின் விதையையே மாற்றிக்கொண்டனர் எனின், அக்குரல் பொய்க்கலாகுமோ? தவறான ஒரு சொல் சொல்லப்படுமாயின் ஓர் ஆண்டு விளைச்சல் பாழாகும். ஒரு குடும்பம் கடனில் மூழ்கும். இத்தகைய பொறுப்புடைய நிறுவனத்திலேதான் வேளாண்மை கற்றவரும் உழுதவருமாகிய சுவாமிநாதன் பேச்சுக்கலையில் பயிற்சி பெற்றார்.

மேடைப்பேச்சு வேறு, வானொலிப் பேச்சு வேறு. மேடையில் பேசுவோர் அவையின் முகம் நோக்கிப் பேசுவர். கைதட்டல் எழுந்தால் மேலும் பேசுவர். கொட்டாவி எழுந்தால் முடித்துக்கொள்வர். வானொலி அறையில் அவையும் இல்லை, முகமும் இல்லை. சுவரும் ஒலிவாங்கியுமே எதிரில் நிற்பன. கேட்பவரோ தம் வீட்டின் அடுக்களையிலோ கடைவாயிலிலோ தனித்திருப்பார். ஆதலின் ஆயிரவரை நோக்கி முழங்குபவர் வானொலியில் தோற்பார்; ஒருவரை நோக்கி இயல்பாய்ப் பேசுபவர் வெல்வார். திருக்குறள் 'அவையறிதல்' என ஓர் அதிகாரத்தை வகுத்துள்ளது. காணப்படாத அவையை அறிதல் வானொலிப் பேச்சாளர்க்கு உரிய அருங்கலை ஆகும்.

இன்று ஒரு தகவல்

1984-ஆம் ஆண்டில் அவர் சென்னை வானொலி நிலையத்திற்கு மாற்றப்பெற்றார். அங்கே 1988-ஆம் ஆண்டில் 'இன்று ஒரு தகவல்' என்னும் நிகழ்ச்சி தொடங்கிற்று. நாள்தோறும் காலை வேளையில் சில நிமிடங்களே அவர் பேசுவார். இசைக்கருவி இல்லை, உடன் உரையாடுவோர் இல்லை, குரலில் ஏற்ற இறக்கமும் மிகுதியாக இல்லை. ஒரே சீரான, அமைதியான, சற்றே தளர்ந்தது போன்ற குரல். அக்குரலைக் கேட்பதற்காகவே வீடுகளில் அடுப்பங்கரைப் பேச்சு அடங்கும். கடைகளில் வாணிகம் சிறிது நிற்கும்.

அவர் எடுத்துக்கொண்ட பொருள்களுக்கு எல்லை இல்லை. உடல்நலம், உளநலம், அறிவியல், வரலாறு, ஆன்றோர் வாழ்வு, வீட்டு நடைமுறை முதலிய யாவும் அவர் பேச்சில் இடம்பெற்றன. முதலில் ஒரு செய்தியை எளிமையாக விளக்குவார். அடுத்து அதனை நம் வாழ்வோடு பொருத்திக் காட்டுவார். இறுதியில், யாரும் எதிர்பாராத வகையில், ஒரு நகைச்சுவைக் கதையைச் சொல்லி முடிப்பார். நேயர் வாய்விட்டுச் சிரிப்பர். அவர் மட்டும் சிரிக்கமாட்டார். சிரிக்காமலே சிரிக்கவைத்தல் அவருடைய தனித்திறன்.

அவர் கையாண்ட முறையை விளக்கும் பொருட்டு, இக்கடற்கரைக்கு ஏற்ற ஓர் எடுத்துக்காட்டை நாமே அமைத்துப் பார்ப்போம். சிப்பியில் முத்து விளையும் வகையைப் பற்றிப் பேசுவதாகக் கொள்வோம்.

சிப்பியின் உடலுக்குள் வேற்றுப்பொருள் ஒன்றோ நுண்ணுயிர் ஒன்றோ புகுந்துவிடுகின்றது. அதனை வெளியே தள்ளச் சிப்பிக்கு இயலவில்லை. ஆகவே, தன் ஓட்டின் உட்புறத்தில் பூசும் ஒளிமிக்க பொருளையே அதன்மீதும் அடுக்கடுக்காகப் பூசுகின்றது. நாளடைவில் அதுவே முத்தாகின்றது. இது செய்தி. நமக்கு வரும் தொல்லைகளையும் நாம் பொறுமை என்னும் பூச்சினால் நன்மையாக மாற்றிக்கொள்ளலாம். இது பொருத்தம். இனி வருவது கதை.

ஓர் ஆசிரியர் இச்செய்தியை வகுப்பில் விளக்கிவிட்டு, மறுநாள் ஒரு மாணவனை எழுப்பி, "தொல்லை வந்தால் என்ன செய்தல் வேண்டும் என்று நேற்றுக் கற்றாய்?" என்று வினவினார்.

"சுற்றிச் சுற்றிப் பூசவேண்டும் ஐயா!" என்றான் அவன்.

"நன்று! அதனை நீ கடைப்பிடித்தாயா?"

"கடைப்பிடித்தேன் ஐயா. மாலையில் என் தம்பி பெருந்தொல்லை கொடுத்தான். அவனைப் பிடித்து உட்காரவைத்துத் தலைமுதல் கால்வரை சேற்றைச் சுற்றிச் சுற்றிப் பூசினேன். நெடுநேரம் காத்திருந்தும் முத்து வரவில்லை ஐயா; அம்மாதான் வந்தார்கள்!"

இக்கதை நம்மைச் சிரிக்கவைக்கின்றது. அதனோடு நில்லாமல், முத்து விளையும் வகையையும் நம் நெஞ்சில் பதித்துவிடுகின்றது. சிரிப்பு அறிவுக்கு எதிரி அன்று. அறிவைக் கொண்டுசெலுத்தும் தோணியே ஆகும். இதனைத் தென்கச்சியார் நன்கு உணர்ந்திருந்தார். அவருடைய பேச்சுகள் பின்னர் 'இன்று ஒரு தகவல்' என்னும் பெயரிலேயே நூல் வடிவிலும் பல பகுதிகளாக வெளிவந்தன.

ஒரு மூச்சின் அளவு

அந்நாளில் நான் இக்கரையிலுள்ள ஒரு பள்ளியில் தமிழாசிரியனாய் இருந்தேன். காலையில் மிதிவண்டியிற் செல்லும்போது, கடற்கரையை அடுத்த ஒரு தேநீர்க்கடையில் சிறிது நேரம் தங்குவது என் வழக்கம். இரவெல்லாம் கடலில் இருந்த படகுகள் கரைசேரும் நேரம் அது. மணலில் மீன் குவிந்திருக்கும். ஏலம் கூறுவோர் குரல் வானைப் பிளக்கும். கடைக்காரர் வானொலியின் ஒலியைக் கூட்டுவார். 'இன்று ஒரு தகவல்' தொடங்கியதும், கடையை ஒட்டி நிற்போர் வாய்மூடி நிற்பர்.

அவர்களுள் முதியவர் ஒருவர் உண்டு. அவர் இளமையில் முத்துக் குளித்தவர். பின்னர்ச் சங்கு குளித்தவர். ஒருநாள் பேச்சு முடிந்து சிரிப்பு அடங்கியதும், நான் அவரை நோக்கி, "அண்ணாச்சி, எவ்வளவு எளிமையாகச் சொல்லிவிட்டார் பார்த்தீர்களா! இத்தகைய பேச்சை யாரும் பேசிவிடலாம் போல் தோன்றுகிறதே!" என்றேன்.

முதியவர் என்னை உற்றுநோக்கினார். "தம்பி, நீங்கள் படித்தவர், ஆனாலும் கரையிலிருந்து பேசுகிறீர்கள். நான் குளித்த காலத்தில், சிப்பிக் குவியலைப் பார்த்து, 'கடலில் கிடப்பதை அள்ளி வருவதுதானே!' என்று சொல்வோர் இருந்தனர். ஒரு மூச்சுத்தான் நமக்குக் கணக்கு. அதற்குள் எதை எடுப்பது, எதை விடுவது என்று அறியவேண்டும். எல்லாவற்றையும் அள்ள ஆசைப்பட்டவன் மூச்சுத் திணறுவான். இவருக்கும் சில நிமிடந்தான் கணக்கு. அதற்குள் எடுக்கவேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு மேலே வந்துவிட்டாரே, அது எளிதா?" என்றார்.

நான் விடைகூற அறியாது நின்றேன். 'சுருங்கச் சொல்லல், விளங்க வைத்தல்' என நூலுக்குரிய அழகுகளை ஆண்டுதோறும் மாணவர்க்குக் கற்பித்து வந்தவன் நான். அவற்றின் பொருளை எனக்கு விளங்கவைத்தவர் எழுத்தறியாத அம்முதியவர். அன்று வகுப்பில் ஒரு மணி நேரம் பேசவேண்டிய பாடத்தை அரைமணியில் முடித்து, எஞ்சிய நேரத்தில் மாணவர் பேச நான் கேட்டேன்.

கடல்கடந்த ஓர் ஒப்புமை

நாள்தோறும் மக்களோடு பேசுவதையே வாழ்க்கைப் பணியாகக் கொண்டோர் பிறநாடுகளிலும் உண்டு. தென்கச்சியார் காலையில் வானொலியிற் பேசினார். அமெரிக்க நாட்டில் இரவில் தொலைக்காட்சியிற் பேசிப் புகழ்பெற்றவர் ஜானி கார்சன். இவ்விருவரையும் ஒப்பிட்டுப் பார்த்தல் பயனுடையது.

கார்சன் 1925-ஆம் ஆண்டில் ஐயோவா மாநிலத்தில் பிறந்தார். நெப்ராஸ்கா மாநிலத்தில் வளர்ந்தார். சிறுவயதில் செப்பிடுவித்தை காட்டுவதில் விருப்பம் கொண்டார். பல்கலைக்கழகப் படிப்பை முடித்தபின் ஓமாகா நகரில் ஒலிபரப்புப் பணியிற் சேர்ந்தார். அந்நாட்டில் 'டுநைட் ஷோ' என்னும் இரவுநேர நிகழ்ச்சி 1954-ஆம் ஆண்டில் நாடெங்கும் ஒளிபரப்பாகத் தொடங்கியது. 1962-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளன்று கார்சன் அதனை நடத்தும் பொறுப்பை ஏற்றார். 1992-ஆம் ஆண்டு மே மாதம் வரை முப்பது ஆண்டுகள் அதனை நடத்தினார். முதலில் மேடையில் தனித்து நின்று அன்றைய செய்திகளைப் பற்றி நகைச்சுவையோடு பேசுவார். பின்னர் மேசையின் முன் அமர்ந்து, விருந்தினராக வந்த கலைஞரோடும் பிறரோடும் உரையாடுவார். உறங்கச் செல்லுமுன் அவர் பேச்சைக் கேட்பதைப் பல குடும்பத்தார் வழக்கமாகக் கொண்டனர். 2005-ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

கார்சனுக்கு இசைக்குழு இருந்தது, விருந்தினர் இருந்தனர், ஒளிவெள்ளம் இருந்தது. தென்கச்சியார்க்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. எனினும் இருவர்க்கும் பொதுவான பண்புகள் உண்டு. மக்கள் தம் வீட்டுக்குள் விரும்பி அழைக்கும் விருந்தினராக இருவரும் தம்மைக் கருதினர். விருந்தினர் வீட்டாரை அதட்டலாகாது. அளவுக்கு மேல் தங்கலாகாது. எழுந்து செல்லவேண்டிய நேரத்தை அறிதலும் வேண்டும். புகழ் குன்றுமுன்னரே கார்சன் விடைபெற்றார். அதன்பின் அரிதாகவே திரையில் தோன்றினார். தென்கச்சியாரும் 2002-ஆம் ஆண்டில் வானொலியிலிருந்து அமைதியாக ஓய்வு பெற்றார்.

திரையில் தோன்றிய குரல்

தமிழகத்தில் தொலைக்காட்சி 1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் சென்னையில் தொடங்கிற்று. 1993-ஆம் ஆண்டிற்குப்பின் தனியார் தொலைக்காட்சிகளும் பெருகின. குரலால் மட்டும் அறியப்பட்டிருந்த தென்கச்சியார், சன் தொலைக்காட்சியில் 'இந்த நாள் இனிய நாள்' என்னும் நிகழ்ச்சியில் முகம் காட்டிப் பேசலானார். திரையில் தோன்றுவோர்க்கு ஆடையும் அசைவும் பகட்டும் இன்றியமையாதன என்று பலரும் எண்ணியிருந்தனர். அவரோ வானொலியில் எவ்வாறு பேசினாரோ அவ்வாறே திரையிலும் பேசினார். கருவி மாறிற்று, அவர் மாறவில்லை. முகம் காணாமலே நேசித்த மக்கள், முகம் கண்ட பின்னரும் அந்நேசத்தைக் குறைத்துக்கொள்ளவில்லை.

2009-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 16-ஆம் நாள் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார். அச்செய்தி கேட்டுத் தம் வீட்டார் ஒருவரை இழந்தாற்போல் வருந்தினோர் பலர். அவர்களுட் பெரும்பாலோர் அவரை ஒருமுறையேனும் நேரிற் கண்டவர் அல்லர்.

நாம் கொள்ளவேண்டிய பாடம்

மாணவச் செல்வங்களே! அன்று பலர் செவியை எட்டப் பேசுவதற்கு ஒரு நிலையமும், உயரமான கோபுரமும், பல்லாண்டுப் பயிற்சியும் வேண்டியிருந்தன. இன்றோ உங்கள் வீட்டிலுள்ள கைப்பேசி ஒன்றே போதும். நீங்கள் பேசுவது ஒரு நொடியில் ஆயிரவரைச் சென்று சேரும். தென்கச்சியார் ஒருநாட் பேச்சுக்கு ஆயத்தம் செய்ய எடுத்துக்கொண்ட நேரத்தில், ஆராயாத செய்தி ஒன்று உலகையே சுற்றிவந்துவிடும். கோபுரம் உங்கள் கைக்கு வந்துவிட்டது. கோபுரத்தில் ஏறிப் பேசுவோர்க்குரிய பொறுப்பும் உடன் வந்துள்ளதா என்று எண்ணிப்பாருங்கள்.

2004-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கரைகளைத் தாக்கியதைப் பெற்றோர் உங்களுக்குச் சொல்லியிருப்பர். கடல் மீண்டும் பொங்குகின்றது என்று ஒருவர் விளையாட்டாக ஒரு பொய்யைப் பரப்பினால் என்ன ஆகும்? நள்ளிரவில் முதியோரையும் குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு ஓர் ஊரே இருளில் ஓடும். அவ்வாறு இருமுறை ஏமாந்த ஊர், மூன்றாம் முறை மெய்யான எச்சரிக்கை வரும்போது அசையாது. பொய் அன்றைய உறக்கத்தை மட்டும் கெடுப்பதில்லை; நாளைய உயிரையும் கெடுக்கின்றது. நம்பிக்கை என்பது ஊர்ப் பொதுக்கிணறு போன்றது. அதில் ஒருவர் நஞ்சு கலந்தாலும் அனைவர்க்கும் கேடு.

ஆகவே, பலர் கேட்கப் பேசுமுன் மூன்றினை உங்களையே வினவிக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவது உண்மையா? கேட்பவர்க்கு அது பயன்படுமா? அதனைச் சுருக்கமாகவும் இனிமையாகவும் சொல்ல ஆயத்தமாக உள்ளேனா? இம்மூன்றுக்கும் 'ஆம்' என விடை கிடைத்தபின் வாய்திறவுங்கள். இல்லையேல், முத்துக் குளிப்பவர் மீண்டும் மூழ்குவதுபோல, நூல்களில் மீண்டும் மூழ்குங்கள்.

நம் கடலில் முத்துக்குளிப்பு நின்று பல்லாண்டுகள் ஆகிவிட்டன. எனினும் மூச்சடக்கித் தேடி, தேர்ந்தெடுத்துக் கொணர்ந்து, பிறர்க்கு வழங்கும் தொழில் நின்றுவிடவில்லை. சேற்று வயலிலிருந்து வானொலிக்கு வந்த தென்கச்சி சுவாமிநாதன் அத்தொழிலை நாள்தோறும் செய்துகாட்டினார். நாமும் உண்மையைத் தேடி மூழ்குவோம். ஒரு மூச்சின் அளவறிந்து பேசுவோம். நம் சொல்லைக் கேட்போர் நம்பிப் படகு இறக்கும் வண்ணம் வாழ்வோமாக!

பயிற்சி

1. தூத்துக்குடிக் கடற்கரை மக்களுக்கு வானொலி எவ்வாறு இன்றியமையாததாய் விளங்கியது?
2. ஆடுதுறை 27 என்னும் நெல்லினத்திற்கு 'ரேடியோ நெல்' என்னும் பெயர் வந்த காரணம் யாது? அதனால் பேசுவோரின் பொறுப்பு எவ்வாறு விளங்குகின்றது?
3. மேடைப்பேச்சுக்கும் வானொலிப் பேச்சுக்கும் உள்ள வேறுபாடுகளை எழுதுக.
4. "நீங்கள் படித்தவர், ஆனாலும் கரையிலிருந்து பேசுகிறீர்கள்." இக்கூற்று யார், யாரிடம், எச்சூழலிற் கூறியது? அதன் உட்பொருளை விளக்குக.
5. உங்கள் ஊருக்குப் பயன்படும் செய்தி ஒன்றைத் தேர்ந்து, செய்தி, பொருத்தம், கதை என்னும் முறையில் மூன்று நிமிடம் வகுப்பில் பேசுக.